கைத்திறனுக்கு ஒரு கணக்கு நோட்டு

முதலிபாளையத்தில் வீடு மந்திரிக்கச் சென்றிருந்தபோது, ஒரு வீட்டின் திண்ணையில் தையல் எந்திரம் ஓடிக்கொண்டிருக்கக் கண்டோம். பல ஆண்டுகள் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைத்தவர் அத்தாய். இரண்டாம் குழந்தை பிறந்தபின் கம்பெனிக்குப் போக இயலாமல், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு உடை தைத்து வருகிறார். "என்ன கூலி வாங்குகிறீர்கள், அம்மா?" என்று வினவினோம். "தெரிந்தவர்களிடம் எப்படிச் சாமி கணக்குப் பேசுவது? கொடுப்பதை வாங்கிக்கொள்வேன்" என்றார். மளிகைக் கடையில் பாக்கி நிற்பதையும் அவரே மறைக்காமல் சொன்னார்.

அன்பார்ந்த வாசகர்களே! இத்தாயிடம் திறமைக்குக் குறைவில்லை; உழைப்புக்கும் குறைவில்லை. குறைவெல்லாம் கணக்கில்தான். சிட்கோ தொழிற்பேட்டை அமைந்துள்ள இவ்வூரில் தைக்கவும் வெட்டவும் பிசிறு நீக்கவும் அறிந்த கைகள் வீட்டுக்கு வீடு உண்டு. ஆயினும் அத்திறமை குடும்பத்தைத் தாங்கும் தொழிலாக மாறுவது சில வீடுகளில் மட்டுமே. ஏன்?

தெரிந்தவரிடம் விலை கூறுவது அன்புக்கு இழுக்கு என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். யோப்பா நகரத்துத் தபித்தா விதவைகளுக்கு உடை தைத்துக் கொடுத்ததை அப்போஸ்தலர் பணி நூல் போற்றுகிறது. அதே நூல், புனித சின்னப்பர் கொரிந்து நகரில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியரோடு தங்கிக் கூடாரத் தொழில் செய்ததையும் கூறுகிறது. தபித்தா மனமுவந்து தருமம் செய்தார். சின்னப்பர் பிறருக்குச் சுமையாகாமல் உழைத்துப் பிழைத்தார். இரண்டும் புண்ணியமே. ஆனால் கேட்கக் கூச்சப்பட்டு இழக்கும் கூலி தருமமும் ஆகாது, தொழிலும் ஆகாது. தருமம் வேறு, தயக்கம் வேறு.

1959-ம் ஆண்டு மார்ச் 15-ல் பம்பாயின் கிர்காம் பகுதியில் ஏழு குஜராத்திப் பெண்கள், தாம் வசித்த கட்டடத்தின் மாடியில் அப்பளம் இடத் தொடங்கினர். அவர்களது முதல் 80 ரூபாய், கடன். முதல் நாள் உருவானவை நான்கே பொட்டலங்கள். நட்டம் வரினும் நன்கொடை பெறுவதில்லை என்று உறுதி பூண்டனர். தரத்தில் சற்றும் தளரலாகாது, கணக்கை ஒழுங்காக எழுத வேண்டும் என்று அவர்களுக்கு வழிகாட்டியவர் சமூகத் தொண்டர் சகன்லால் கரம்சி பாரேக். அதுவே இன்று பல்லாயிரம் பெண்களுக்குப் பிழைப்பளிக்கும் 'லிஜ்ஜத்' நிறுவனம். அப்பளம் இடத் தெரிந்த பெண்கள் நாட்டில் எத்தனையோ பேர். இவர்களை உயர்த்தியது தரமும் கணக்கும் தன்மானமும் அன்றோ!

நம் வீட்டுக்கு வருவோம். ஒரு குழந்தை உடைக்குத் துணி 45 ரூபாய், நூலும் எலாஸ்டிக்கும் 8, மின்சாரமும் எந்திரத் தேய்மானமும் 4, போக்குவரத்து 3 என்று வைத்துக்கொள்வோம். ஆக அடக்கம் 60. அதை 80 ரூபாய்க்குக் கொடுத்தால் மிஞ்சுவது 20. தைக்க ஒரு மணி நேரமாயின், எட்டு மணி நேர உழைப்புக்குக் கிடைப்பது 160 ரூபாய்! அந்தக் கூலிக்குக் கம்பெனியில் யாரேனும் ஒரு ஷிப்ட் தைப்பாரா? அதே உடைகளைப் பத்துப் பத்தாக ஒரே அளவில் வெட்டி, உடைக்கு 40 நிமிடமாகக் குறைத்து, 110 ரூபாய் விலை வைத்தால், மணிக்கு 75 ரூபாய் நிற்கும். கை அதே கைதான், கணக்கே வேறு.

தொடங்குவோர் சிறிதாகத் தொடங்குக. காதர்பேட்டையில் வாங்கும் துணியாயினும், கம்பெனியில் மிஞ்சிய துணியாயினும், முதலில் நனைத்து உலர்த்திச் சுருக்கம் கண்டபின் வெட்டுக. ஒருமுறை சுருங்கிய உடை ஒரு வாடிக்கையாளரை விரட்டிவிடும். தொழில் பணமும் வீட்டுப் பணமும் தனித்தனிப் பையில் இருக்கட்டும். பத்து உடை விற்றுக் காசு கைக்கு வராமுன் புது எந்திரத்துக்குக் கடன் வாங்க வேண்டாம். கடன் தேவையெனில் தண்டல்காரரிடம் செல்லாது வங்கியை நாடுக. 2015-ல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் ஈடின்றி 50,000 ரூபாய் வரை பெற வழியுண்டு.

கணவன்மாருக்கும் ஒரு சொல். வீட்டில் இருந்தபடி செய்யும் வேலை வேலையாகாது என்று எண்ணாதீர். மனைவி எந்திரத்தில் அமர்ந்திருக்கையில் தண்ணீர் எடுப்பதும் குழந்தையைத் தூக்குவதும் உங்கள் பங்கு. இன்றேல் வீட்டுத் தொழில் அவளுக்கு இரண்டாவது சுமையாகும். ஞாயிற்றுக்கிழமை எந்திரமும் ஓய்வு பெறட்டும்.

அத்தாயை அண்மையில் மீண்டும் சந்தித்தோம். எந்திரத்தின் அருகே நாற்பது பக்க நோட்டு ஒன்று கிடந்தது. "முதலில் விலை சொல்ல நாக்கு எழவில்லை, சாமி. இரண்டு பேர் வரவில்லை, மற்றவர்கள் வருகிறார்கள்" என்றார். நோட்டின் கடைசிப் பக்கத்தில், பக்கத்து வீட்டு விதவைப் பாட்டிக்குத் தைத்த இரவிக்கைக்கு எதிரே 'இனாம்' என்று எழுதியிருந்தார். கணக்கு எழுதத் தெரிந்த கைக்கே தருமமும் தெரிகிறது.

தாலந்தைப் புதைத்து வைக்காத அத்தகைய கைகளை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக!