அல்டோஸ்டிரோன் எதிர் மருந்துகளின் வீரிய ஒப்பீடு

அல்டோஸ்டிரோன் எதிர் மருந்துகள் என்பவை அல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனின் செயலைத் தடுத்து, பொட்டாசியத்தை இழக்காமல் சிறுநீரைப் பெருக்கும் மருந்துகளாகும். ஒரே விளைவைப் பெற இவற்றுள் எது எவ்வளவு தேவைப்படுகிறது என்பதை அளந்தறிவதே வீரிய ஒப்பீடு எனப்படும். ஒரு மருந்தின் 100 மில்லிகிராம் தரும் விளைவை மற்றொன்றின் 200 மில்லிகிராம் தருமாயின், பின்னதன் ஒப்பு வீரியம் 0.5 ஆகும்.

அல்டோஸ்டிரோனின் செயல்

1953 இல் தனித்துப் பிரித்தெடுக்கப்பட்ட அல்டோஸ்டிரோன், சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பியின் புறணியில் சுரக்கிறது. இது சிறுநீரக நுண்குழல்களின் இறுதிப் பகுதியிலுள்ள உயிரணுக்களில் தனக்குரிய ஏற்பியுடன் பிணைந்து, சோடியத்தை உடலில் தக்கவைத்து, பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. எதிர் மருந்துகள் அந்த ஏற்பியில் தாம் அமர்ந்து ஹார்மோனுக்கு இடமில்லாமல் செய்கின்றன. அமிலோரைடு என்னும் மருந்தும் பொட்டாசியத்தைக் காக்கும் சிறுநீர்ப்பெருக்கியே. ஆனால் அது சோடியம் நுழையும் வாயிலை நேரடியாக அடைப்பதால் இவ்வகையில் சேராது.

உடல்நலமுள்ளோரிடம் அளக்கும் முறை

நோயாளிகளிடம் நோயின் கடுமை, பிற மருந்துகள், சிறுநீரகத்தின் நிலை ஆகியவை ஆளுக்கு ஆள் மாறுபடும். எனவே ஒப்பீடுகள் உடல்நலமுள்ள தன்னார்வலர்களிடம் செய்யப்படுகின்றன. இதில் ஒரு சிக்கல் உண்டு. வழக்கமான அளவு உப்பு உண்பவரின் உடலில் அல்டோஸ்டிரோன் குறைவாகவே இருக்கும். தடுப்பதற்கு ஏதும் இல்லாதபோது தடுக்கும் மருந்தின் வேலையும் புலப்படாது.

இதனால் அல்டோஸ்டிரோனைப் போலவே செயற்படும் ஃபுளுட்ரோகார்ட்டிசோன் என்னும் செயற்கை மருந்து முதலில் கொடுக்கப்படுகிறது. அது சிறுநீரில் சோடியத்திற்கும் பொட்டாசியத்திற்கும் உள்ள விகிதத்தைக் குறைக்கும். எதிர் மருந்து அவ்விகிதத்தை மீண்டும் உயர்த்தும். குறிப்பிட்ட மணி நேரங்களில் சேகரிக்கப்பட்ட சிறுநீரில் இவ்வுயர்வு அளக்கப்படுகிறது. ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நாட்களில் ஒவ்வொரு மருந்தும், மருந்தற்ற போலி மாத்திரையும் கொடுக்கப்படுவதால் ஒருவரே தமக்கு ஒப்பீடாக அமைகிறார்.

ஒப்பீடுகள் காட்டியவை

ஸ்பைரோனோலாக்டோன் இவ்வகையில் முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. இது உடலில் விரைவாகச் சிதைகிறது. இதன் அரைவாழ்வுக் காலம் ஏறக்குறைய 1.4 மணி நேரமே. ஆயினும் இதன் விளைவு நெடுநேரம் நீடிக்கிறது. சிதைவில் உண்டாகும் கான்ரினோன் 16 மணி நேரத்திற்கும் மேலான அரைவாழ்வு கொண்டது என்பதால், முழுச் செயலுக்கும் அதுவே காரணம் எனத் தொடக்கத்தில் கருதப்பட்டது. 1970களில் உடல்நலமுள்ளோரிடம் செய்யப்பட்ட ஒப்பீடுகள் இக்கருத்தை மாற்றின. கான்ரினோனின் வீரியம் ஸ்பைரோனோலாக்டோனின் செயலை முழுதும் விளக்கப் போதவில்லை. கந்தகம் கொண்ட பிற சிதைவுப் பொருட்களுக்கும் பெரும் பங்கு உண்டு என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

2002 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற எப்லெரினோன் மற்றொரு பாடத்தைத் தருகிறது. ஆய்வுக்கூடத்தில் ஏற்பியுடன் பிணையும் திறனில் இது ஸ்பைரோனோலாக்டோனை விடப் பல மடங்கு குறைந்தது. ஆனால் உயர் இரத்த அழுத்தம் உள்ளோரிடம் அதே எடை அளவில் பாதி முதல் முக்கால் பங்கு வரை விளைவைத் தருகிறது. இம்மருந்து குருதிப் புரதங்களுடன் ஏறக்குறைய 50 விழுக்காடே பிணைவதும், ஸ்பைரோனோலாக்டோன் 90 விழுக்காட்டிற்கு மேல் பிணைவதும் இதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. எப்லெரினோன் பாலியல் ஹார்மோன்களின் ஏற்பிகளில் மிகக் குறைவாகவே பிணைவதால், ஆண்களுக்கு மார்பு வீங்குதல் போன்ற பக்க விளைவுகளும் குறைவு. ஆகவே வீரியம் குறைந்த மருந்து பயன் குறைந்தது என்று பொருளாகாது.

மருத்துவத்தில் முக்கியத்துவம்

உடல்நலமுள்ளோரிடம் கிடைத்த வீரிய எண்ணை நோயாளிக்கு அப்படியே பொருத்துவது ஆபத்தானது. 1999 இல் வெளியான ரேல்ஸ் ஆய்வில், கடுமையான இதயச் செயலிழப்பு கொண்ட 1663 பேர் பங்கேற்றனர். நாளொன்றுக்குச் சராசரி 26 மில்லிகிராம் ஸ்பைரோனோலாக்டோன் இறப்பை 30 விழுக்காடு குறைத்தது. சிறுநீரைப் பெருக்க இவ்வளவு சிறிய அளவு பெரிதும் உதவாது. எனவே இப்பயன் சிறுநீர்ப் பெருக்கத்தால் மட்டும் விளைந்ததன்று.

அவ்வாய்வில் சிறுநீரகம் பெரிதும் பழுதடைந்தோர் சேர்க்கப்படவில்லை; குருதிப் பொட்டாசியமும் தொடர்ந்து அளக்கப்பட்டது. நடைமுறையில் அக்கவனம் எங்கும் இருக்கவில்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை பெற்றுவந்த முதியோரிடையே, பொட்டாசிய மிகையால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர் 1994 இல் ஆயிரத்துக்கு 2.4 ஆக இருந்து 2001 இல் 11.0 ஆக உயர்ந்தனர். பொட்டாசிய மிகை இதயத் துடிப்பை நிறுத்திவிடக் கூடியது. இம்மருந்துகளைத் தொடங்கும்போதும், ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மாற்றும்போதும், குருதிப் பொட்டாசியத்தையும் சிறுநீரகச் செயற்பாட்டையும் சோதிப்பது இன்றியமையாதது.