பிரவுன் சுகர் இல்லை, முட்டை இல்லை, ஓவனும் இல்லை... வீட்டில் குக்கீ வருமா? கொங்கு சமையலறையிலேயே இருக்கும் விடை

கோவையில் யாரையாவது "டீ சாப்பிடலாமா?" என்று கேட்டால், "வாங்க, பேக்கரிக்குப் போலாம்" என்பார்கள். இங்கே டீக்கடைக்குப் பெயரே பேக்கரிதான். கண்ணாடி ஜாடிக்குள் பட்டர் பிஸ்கட், தேங்காய் பிஸ்கட் எப்போதும் இருக்கும். தெருவுக்குத் தெரு கிடைப்பதாலோ என்னவோ, முறுக்கும் கச்சாயமும் வீட்டில் சுடுகிற குடும்பங்களில்கூட பிஸ்கட் மட்டும் கடைப் பொருளாகவே இருந்துவிட்டது.

சரி, நாமே செய்து பார்ப்போம் என்று யூடியூபைத் திறந்தால் ஒரு பட்டியல் வரும்: பிரவுன் சுகர், உப்பில்லாத வெண்ணெய், வெனிலா எசென்ஸ், பேக்கிங் பவுடர், சாக்கோ சிப்ஸ், முட்டை, 180 டிகிரி ஓவன். பாதிப் பேர் அதோடு வீடியோவை மூடிவிடுகிறோம். மீதிப் பேர் ஆப்பில் ஆர்டர் போடுகிறோம். ஒரு ஸ்பூன் எடுத்த பேக்கிங் பவுடர் டப்பா, காலாவதி ஆகும்வரை அலமாரியில் கிடக்கும்.

உண்மையில் இதெல்லாம் வேணுமா? பெரும்பாலும் வேண்டாம். ஒரு பொருள் இல்லையென்றால், 'அது என்ன வேலை செய்கிறது, அந்த வேலையை வீட்டில் இருக்கும் வேறு எது செய்யும்' என்று தெரிந்தால் போதும்.

தட்டுப்பாட்டில் பிறந்த பிஸ்கட்டுகள்

கையில் இருப்பதை வைத்துச் சமாளிப்பது பிஸ்கட் உலகுக்குப் புதிதல்ல. முதல் உலகப் போர்க் காலத்தோடு சேர்த்து நினைக்கப்படும் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து 'அன்சாக் பிஸ்கட்'டில் முட்டை கிடையாது. முட்டை கிடைப்பது அரிதாக இருந்தது, பிஸ்கட்டும் பல நாள் கெடாமல் இருக்க வேண்டியிருந்தது என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். ஓட்ஸையும் மாவையும் சேர்த்துப் பிடிக்கும் வேலையை சர்க்கரைப் பாகு பார்த்துக்கொண்டது. தேங்காய் பின்னாளில் சேர்ந்தது. பாகும் தேங்காயும் என்றால் நமக்குப் புதுசா என்ன?

நம் நாட்டு நான்கட்டாயும் முட்டையில்லாத பிஸ்கட்தான். சூரத்தில் டச்சுக்காரர்கள் நடத்திய பேக்கரி ஒரு பார்சிக்காரரின் கைக்கு மாறிய பிறகு பிறந்தது என்று அதன் கதையைச் சொல்கிறார்கள். மாவு, நெய், சர்க்கரை, அவ்வளவுதான்.

இந்த மூன்றையும் வேறு எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதா? ஆமாம், நெய் உருண்டை. நெய் உருண்டைக்கு முதலில் வறுக்கிறோம், அரைத்து, பிறகு உருட்டுகிறோம். குக்கீக்கு முதலில் உருட்டி, பிறகு சூட்டில் வேகவைக்கிறோம். வரிசைதான் மாறுகிறது.

மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரே கணக்கு: 1 : 2 : 3

எடையில் சர்க்கரை 1 பங்கு, வெண்ணெய் 2 பங்கு, மாவு 3 பங்கு. சோடா, முட்டை எதுவும் இல்லாமலே இது குக்கீ ஆகும். 50 கிராம் சர்க்கரை, 100 கிராம் வெண்ணெய், 150 கிராம் மாவு எடுத்தால் சுமார் 20 சிறிய குக்கீ வரும்.

வெண்ணெய்க்குப் பதில் நெய் என்றால் ஒரு சின்னத் திருத்தம். வெண்ணெயில் கொழுப்பு சுமார் 80 சதவீதம்தான், மீதியில் பெரும்பங்கு தண்ணீர். நெய்யில் தண்ணீர் அநேகமாக இல்லை. அதனால் 100 கிராம் வெண்ணெய்க்குப் பதில் 80 கிராம் நெய்யும் ஒரு டேபிள்ஸ்பூன் பாலும் போதும்.

வீட்டில் தராசு இல்லையா? 200 மில்லி டம்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். மாவு ஒன்றரை டம்ளர், நெய் அரை டம்ளருக்குக் கொஞ்சம் குறைவாக, சர்க்கரை மூன்றில் ஒரு பங்கு டம்ளர். ஏறக்குறைய அதே கணக்கு வந்துவிடும்.

மாவு: மைதாதான் வேணுமா?

மைதாவில் தண்ணீர் சேர்த்துப் பிசையும்போது குளூட்டன் என்ற இழுவைத் தன்மை உருவாகிறது. பரோட்டாவுக்கு அது உயிர். குக்கீக்கோ அது குறைவாக இருந்தால்தான் நல்லது, இல்லாவிட்டால் ரப்பர் போல ஆகிவிடும். அதனால்தான் குக்கீ மாவைச் சப்பாத்தி மாதிரி அடித்துப் பிசையக் கூடாது. சேர்ந்து உருண்டையாக வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும்.

இழுவை அதிகம் தேவையில்லை என்பதால் கோதுமை மாவு தாராளமாகப் போடலாம். ராகி, கம்பு, சோளம் ஆகியவற்றில் குளூட்டன் இல்லை. முழுக்க முழுக்க அதிலேயே செய்தால் கடிப்பதற்கு முன்பே உதிர்ந்துவிடும். முதல் தடவை பாதி ராகி, பாதி கோதுமை என்று தொடங்குங்கள். கை பழகியதும் ராகியைக் கூட்டிக்கொள்ளலாம்.

இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ராகி மாவை இளந்தீயில் வாசம் வரும்வரை வறுத்து, நன்றாக ஆறவைத்துச் சேர்த்தால் பச்சை வாடை போய்விடும். கம்பு மாவில் கொழுப்பு அதிகம் என்பதால் சீக்கிரமே கசப்பு ஏறும். புதிதாக அரைத்ததை மட்டும் பயன்படுத்துங்கள். போன மாதம் அரைத்து வைத்த கம்பு மாவில் செய்த குக்கீ கசந்தால் குறை செய்முறையில் இல்லை.

பொட்டுக்கடலை மாவு, வறுத்த நிலக்கடலைப் பொடி ஆகியவற்றையும் மொத்த மாவில் கால் பங்குவரை சேர்க்கலாம்.

கொழுப்பு: ஊத்துக்குளி வெண்ணெய் முதல் தேங்காய் எண்ணெய் வரை

வெண்ணெய் என்றதுமே கொங்குப் பகுதியில் ஊத்துக்குளி நினைவுக்கு வரும். உறைந்த கொழுப்பைச் சர்க்கரையோடு அடிக்கும்போது சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள் உள்ளே சிக்கிக்கொள்கின்றன. வாயில் போட்டதும் கரைகிற தன்மையில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. உருகி ஓடும் நெய்யால் காற்றைப் பிடித்துவைக்க முடியாது. கோவை சித்திரை வெயிலில் நெய் தண்ணீராகத்தான் இருக்கும். கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, மணல் மணலாக உறைந்ததும் எடுத்து அடியுங்கள்.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் வெள்ளையாகக் கட்டி நிற்குமே, அந்தப் பதத்தில் அதுவும் வெண்ணெய் போல வேலை செய்யும். மற்ற நாட்களில் ஃபிரிட்ஜில் வைத்து உறைய விடலாம். கடலை எண்ணெயோ ரீஃபைண்ட் எண்ணெயோ மட்டும்தான் இருக்கிறது என்றாலும் குக்கீ வரும், கொஞ்சம் கெட்டியாக, மொறுமொறுவென்று இருக்கும்.

இனிப்பு: பிரவுன் சுகருக்கு ஏன் அலைய வேண்டும்?

கடைகளில் பிரவுன் சுகர் என்று விற்பதில் பெரும்பகுதி, சுத்திகரித்த வெள்ளைச் சர்க்கரையில் கரும்புப் பாகுக் கழிவான மொலாசஸைத் திரும்பவும் சேர்த்தது. நாட்டுச்சர்க்கரையில் அந்தப் பாகு முழுதாகப் பிரிக்கப்படுவதே இல்லை. அதாவது ரெசிப்பி கேட்கிற பொருளின் மூத்த உறவு ஏற்கெனவே நம் வீட்டில் இருக்கிறது. ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரைச் சந்தை இதற்குப் பேர்போனது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கோயில் நிர்வாகம் இங்கிருந்து சர்க்கரை வாங்குகிறது.

வெள்ளைச் சர்க்கரை குக்கீயை மொறுமொறுப்பாக்கும். நாட்டுச்சர்க்கரையில் ஈரப்பதம் அதிகம் என்பதால் குக்கீ சற்று மென்மையாக வரும், நிறமும் சீக்கிரம் ஏறும். கட்டிகளை உடைத்துச் சலித்துப் போடுங்கள். கட்டி அப்படியே இருந்தால் அந்த இடம் மட்டும் கருகும்.

முட்டை, சோடா: இல்லாவிட்டால்?

முட்டை மாவைச் சேர்த்துப் பிடிக்கிறது, ஈரம் தருகிறது. 1:2:3 கணக்கில் அது தேவையே இல்லை. வேறு ரெசிப்பியில் ஒரு முட்டை கேட்டால், இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் கெட்டித் தயிர், அல்லது நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தில் பாதியை மசித்துச் சேர்க்கலாம். வாழைப்பழம் போட்டால் குக்கீ கேக் மாதிரி மெத்தென்று வரும், அதற்குத் தயாராக இருங்கள்.

நம் வீட்டு ஆப்ப சோடாவும் ரெசிப்பி சொல்லும் பேக்கிங் சோடாவும் ஒன்றுதான். அது முழுதாக வேலை செய்யப் புளிப்பு வேண்டும், தயிர் போன்ற ஏதாவது. பேக்கிங் பவுடரில் சோடாவோடு புளிப்பும் பொடியாகவே கலந்திருக்கிறது. ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடருக்குப் பதில் கால் டீஸ்பூன் ஆப்ப சோடாவும் ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறும் போதும். சோடா கூடினால் குக்கீ நன்றாக உப்பும் என்று நினைக்க வேண்டாம். நிறம் கறுத்து, சோப்பு வாடைதான் அடிக்கும்.

வெனிலாவுக்குப் பதில் ஏலக்காயோ சுக்குப் பொடியோ போடலாம். ஒரு சிட்டிகை உப்பை மட்டும் மறக்காதீர்கள், அதுதான் இனிப்பைத் தூக்கிக் காட்டும். தேங்காய் சேர்ப்பதாக இருந்தால் பச்சைத் துருவலை ஈரம் போக வறுத்துச் சேருங்கள். கொப்பரைத் துருவல் இன்னும் நல்லது, நாள்பட இருக்கும். காங்கேயம் பக்கம் களம் களமாகக் காய்கிற அதே கொப்பரைதான்.

ஓவன் இல்லையென்றால்?

அடி கனமான பழைய பாத்திரமும் இறுக்கமான மூடியும் போதும். அடியில் இரண்டு விரல் உயரம் கல் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு ஸ்டாண்டு வையுங்கள். மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் சூடாக்குங்கள். குக்கீ தட்டை உள்ளே வைத்து, தீயைக் குறைத்து, 20 முதல் 25 நிமிடம் விடுங்கள். ஓடிஜி இருந்தால் 160 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம்.

இங்கே பாதுகாப்பு முக்கியம். பிரஷர் குக்கரைத்தான் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் சூடாக்குவது குக்கரைப் பாழாக்கலாம் என்பதால், தினமும் சோறு வைக்கிற குக்கர் வேண்டாம். நான்ஸ்டிக் பாத்திரத்தை வெறுமனே அதிகச் சூட்டில் வைக்கவே கூடாது. பச்சை மாவை ருசி பார்ப்பதும் வேண்டாம். வறுக்காத, வேகாத மாவில் நோய்க் கிருமிகள் இருக்க வாய்ப்பு உண்டு.

முதல் தடவை செய்பவர்கள் எல்லோருக்கும் வரும் சந்தேகம், "இன்னும் மெத்துன்னே இருக்கே, வேகலையோ?" என்பது. குக்கீ சூட்டில் மென்மையாகத்தான் இருக்கும், ஆறும்போதுதான் மொறுமொறுப்பாகும். ஓரம் லேசாகச் சிவந்ததும் அடுப்பை அணைத்து, 10 நிமிடம் தொடாமல் விடுங்கள். மொறுமொறுப்பு வரட்டும் என்று இன்னும் 10 நிமிடம் வைத்தால் ஆறிய பிறகு கல் ஆகிவிடும்.

சொதப்பினால் காரணம் என்ன?

தட்டில் பரவி ஒன்றோடொன்று ஒட்டிவிட்டதா? கொழுப்பு ரொம்ப உருகியிருந்தது. அடுத்த முறை உருட்டிய மாவை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கையில் எடுத்ததும் உதிர்கிறதா? சிறுதானிய மாவு கூடிவிட்டது. ஒரு ஸ்பூன் பால் சேர்த்து உருட்டுங்கள்.

அடி கருகி, மேலே வெளுப்பாக இருக்கிறதா? தீ அதிகம், அல்லது தட்டு அடிச்சூட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. கீழே இன்னொரு தட்டைக் கவிழ்த்து வையுங்கள்.

அப்படியானால் இது 'ஹெல்தி' குக்கீயா?

ராகி, நாட்டுச்சர்க்கரை, நெய் என்று லேபிளில் எழுதிவிட்டாலே இப்போது விலை ஏறிவிடுகிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நாட்டுச்சர்க்கரையிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். நீரிழிவு உள்ளவருக்கு, "வெள்ளைச் சர்க்கரை போடலைங்க, தைரியமா சாப்பிடுங்க" என்று கொடுப்பது அவரை ஏமாற்றுவது போலத்தான். மேலே சொன்ன அளவில் 20 குக்கீ செய்தால் ஒன்றில் சுமார் 70 கலோரி இருக்கும். அதில் பாதி நெய்யிலிருந்து வருவது.

100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பது உண்மைதான். ஆனால் பாதி ராகி போட்ட நம் குக்கீ ஒன்றில் இருக்கும் ராகி 4 கிராம்கூட இல்லை. கிடைக்கும் கால்சியம் சுமார் 13 மில்லிகிராம். ஒரு டம்ளர் பாலில் இதைப்போலப் பல மடங்கு இருக்கிறது. ராகியின் சத்துதான் வேண்டும் என்றால் களியோ கூழோ சாப்பிடுவதே நேர்வழி. குக்கீயை ருசிக்காகச் சாப்பிடலாம்.

வீட்டில் செய்வதால் நிஜமான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. என்ன கொழுப்பு போட்டோம், எவ்வளவு இனிப்பு போட்டோம் என்பது நமக்குத் தெரியும். உணவுப் பொருட்களில் உள்ள எண்ணெய், கொழுப்பில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் விதி இருக்கிறது. ஆனால் லேபிளே இல்லாத ஜாடி பிஸ்கட்டில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

நாலு பேர் "சூப்பரா இருக்கு, விற்கலாமே" என்று சொல்ல ஆரம்பித்தால் இரண்டு விஷயம் செய்யுங்கள். வீட்டிலிருந்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு தேவை. முறையாகக் கற்றுக்கொள்ள, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் அறுவடைப் பின்சார் தொழில்நுட்ப மையம் சிறுதானியப் பொருட்கள், பேக்கரிப் பொருட்கள் தயாரிப்பதற்குக் கட்டணப் பயிற்சி நடத்துகிறது.

அதெல்லாம் பிறகு. இந்த ஞாயிற்றுக்கிழமை ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஒருமுறை அலமாரியைத் திறந்து பாருங்கள். மாவு, நெய், நாட்டுச்சர்க்கரை மூன்றும் இருந்தால், 20 குக்கீக்கு வேண்டியது ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது.