கவுனி அரிசி ஏன் ஒட்டுகிறது?

அன்றாடம் வடிக்கும் சோறு ஆறினால் உதிரியாக நிற்கும். செட்டிநாட்டுக் கல்யாணப் பந்தியின் கவுனி அரிசியோ கரண்டியை விடாது. ஏன்?

அரிசி மாவுச்சத்தில் இரு வகை மூலக்கூறுகள் உண்டு. நீள் சங்கிலியான அமைலோஸ் ஆறும்போது இறுகிப் பருக்கைகளைப் பிரித்துவைக்கும். கிளைவிட்ட அமைலோபெக்டின் குழைந்து ஒட்டும். ஒட்டரிசியில் அமைலோஸ் அநேகமாக இல்லை. பர்மாவில் வணிகம் செய்த நகரத்தார் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் கறுப்பரிசியான கவுனியும் ஒட்டரிசி வகைதான்.

இனிப்பு செய்ய, தவிடு நீங்காத கவுனியை முதல்நாள் இரவே ஊறவைக்க வேண்டும். ஊறிய நீரிலேயே வேகவைத்தால் கருஞ்சிவப்பு நிறம் வீணாகாது.

நன்றாக மசிந்த பிறகே சர்க்கரை. அவசரப்படவே கூடாத இடம் இது: முன்பே போட்டால் சர்க்கரை நீரைப் பிடித்துக்கொள்ளும், மாவுச்சத்து உப்பாது, அரிசி விறைத்தே நிற்கும். கடைசியாகத் தேங்காய்த் துருவல், நெய், ஏலக்காய்.