ஓய்வறியா எலும்பு

கை எலும்பு முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைக்கிறோம். மார்பெலும்புக்கு அப்படிச் செய்ய முடியுமா? நெஞ்சின் நடுவே விரலை வைத்து மூச்சை இழுத்துப் பாருங்கள். இதய அறுவைக்காக அந்த எலும்பை நெடுக்காக அறுத்துத் திறக்கிறார்கள். முடிந்ததும் எஃகுக் கம்பிகளால் இறுக்கிக் கட்டுகிறார்கள். ஆனால் மூச்சு நிற்பதில்லையே! நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் நாளொன்றுக்கு 21,600 தடவை நெஞ்சு அசைகிறது.

பெரும்பாலோருக்கு எலும்பு கூடிவிடும். சிலருக்கோ கிருமி புகுந்து, கம்பி தளர்ந்து, புண் பிரிந்துவிடுகிறது. நீரிழிவு நோயாளிகளுக்கு இந்த ஆபத்து அதிகம். இன்னொரு காரணம் விந்தையானது. அடைபட்ட இதயத் தமனிக்கு மாற்றுவழி அமைக்க, மார்பெலும்பின் ஓரமாக ஓடும் தமனியைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். இதயம் பிழைக்கிறது, எலும்புக்கு இரத்தம் குறைகிறது. இரத்தம் போகாத இடத்துக்கு வெள்ளணுவும் போகாது, மருந்தும் போகாது.

எனவே வெறுமனே மறுபடி தைத்துப் பயனில்லை. முதலில் சீழையும் செத்த எலும்பையும் அகற்றுவார்கள். பிறகு புண்ணில் நுரைப்பஞ்சை வைத்து, மேலே காற்றுப் புகாத பிளாஸ்டிக் தாளை ஒட்டி, சிறு பம்பினால் உறிஞ்சுவார்கள். கசிவு வெளியேறும், புண்ணின் விளிம்புகள் நெருங்கும். 1997-இல் அமெரிக்காவில் அர்ஜென்டா, மோரிக்வாஸ் இருவரும் விளக்கிய முறை இது.

மிஞ்சிய குழியை நிரப்புவது தசை! மார்புத் தசையை அதன் இரத்தக்குழாய் அறுபடாமல் பெயர்த்து, நடுவே திருப்பி வைக்கிறார்கள். தசையோடு புது இரத்தமும் வந்து சேர்கிறது. அமெரிக்காவில் ஜுர்கிவிச் குழுவினர் 1980-இல் இதை விரிவாக வெளியிட்டார்கள். அதற்கு முன் புண்ணைத் திறந்தே வைத்து, மருந்துத் துணி திணித்துக் காத்திருந்ததுண்டு; பலர் பிழைக்கவில்லை. தசை இடம்மாறியதால் தோளின் வலு சற்றுக் குறையலாம். அதற்கு உடற்பயிற்சி சொல்லித் தருவார்கள்.