லாரித் தடம் – 9: சமவெளியில் இறுகும் பிரேக்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் நெடுஞ்சாலையில், சிப்காட் ஆலைகளை ஒட்டிய ஊர் குடிகாடு. ஆலைகளுக்கு வந்துபோகும் டேங்கர்களும் பத்துச் சக்கர லாரிகளும் இந்தச் சாலையில் ஓய்வதே இல்லை. தெற்கே சிதம்பரம் வரை போனாலும் மேடு என்று சொல்லப் பாலங்கள்தான் உண்டு. கடல் பக்கத்திலேயே இருப்பதால் காற்றில் எப்போதும் உப்பு.

இப்படிப்பட்ட தடத்திலேயே மாதக்கணக்கில் ஓடும் லாரியில் இறக்கத்தில் வண்டியை இழுத்துப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்குக்கு வேலை வருவதில்லை. வேலை இல்லாத வால்வில் கரியும் துருவும் ஏறி, மெல்ல மெல்ல இறுகிப்போகிறது. ஓட்டுபவருக்கு இங்கே அது தெரிய வழியில்லை. பெங்களூரில் சரக்கேற்றி, தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்கும்போதுதான் தெரியவரும்.

தொப்பூரைப் பற்றித் தமிழ்நாட்டு ஓட்டுநர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2020 டிசம்பர் 12 அன்று சிமெண்ட் ஏற்றி வந்த ஒரு லாரி அங்கே கட்டுப்பாட்டை இழந்து, முன்னால் நின்ற வாகனங்கள் மீது வரிசையாக மோதியது; 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24 அன்று லாரிகளும் கார்களும் மோதித் தீப்பிடித்ததில் மறுபடியும் 4 உயிர்கள் போயின. ஒவ்வொரு விபத்துக்கும் தனித்தனிக் காரணம் இருக்கும். ஆனால் இறக்கம் போடும் கணக்கு எல்லா லாரிக்கும் ஒன்றுதான்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மூன்று ஆக்சில் லாரி சரக்கோடு சேர்த்து 25 டன் வரை இருக்கலாம் என்றிருந்த விதி, 2018-இல் 28.5 டன்னாக உயர்ந்தது. அந்த எடையோடு, 100 மீட்டருக்கு 5 மீட்டர் தாழும் சரிவில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், புவியீர்ப்பு வண்டியைத் தள்ளும் சக்தி சுமார் 116 கிலோவாட். டயர் உராய்வும் காற்றும் தின்றது போக ஏறக்குறைய 100 கிலோவாட் மிஞ்சும். அதாவது 130 குதிரைத்திறனுக்கு மேல். சரிவு முடியும்வரை யாராவது அதை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். எஞ்சின் வாங்காவிட்டால் பிரேக் டிரம்மும் லைனிங்கும்தான் வாங்கும். டிரம் காய்ந்து சூடேற ஏற லைனிங்கின் பிடி குறையும். பெடல் மிதிபடும், வண்டி நிற்காது.

பெட்ரோல் காரில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் காற்று போகும் வழி அடைபட்டு, எஞ்சின் தானாகவே இழுத்துப் பிடிக்கும். வழக்கமான டீசல் எஞ்சினில் அந்த அடைப்பு கிடையாது. பிஸ்டன் அழுத்திய காற்று ஸ்பிரிங் போலத் திரும்பி அதே பிஸ்டனைக் கீழே தள்ளிவிடும். அதனால்தான் தனியாக ஒரு கருவி தேவைப்பட்டது. அமெரிக்க எஞ்சின் வல்லுநர் கிளெஸ்ஸி கம்மின்ஸ் 1931-இல் கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாயில் டீசல் லாரியில் இறங்கியபோது பிரேக் கைவிட்டது. கீழே ரயில் பாதையைக் கடந்துகொண்டிருந்த சரக்கு ரயிலில் மோதாமல் மயிரிழையில் தப்பினார். அந்த நினைவிலிருந்து அவர் வடிவமைத்த, அழுத்திய காற்றை உச்சத்தில் வெளியே திறந்துவிடும் பிரேக் 1961-இல் ஜேக்கப்ஸ் பெயரில் விற்பனைக்கு வந்தது. நம் சாலைகளில் அதிகம் பார்ப்பது அதைவிட எளிய எக்ஸாஸ்ட் பிரேக். சைலன்சருக்கு முன்னால் புகைக் குழாயில் ஒரு வட்டத் தகடு. காற்றழுத்தம் அதைத் திருப்பிக் குழாயை மூடும். புகை வெளியேற முடியாமல் பிஸ்டனை எதிர்க்கும்.

இது பலமாகப் பிடிக்கவில்லை என்றால் முதலில் வண்டிக்கு அடியில் போய்ப் பார்க்க வேண்டும். ஏர் டேங்கில் காற்று நிறைந்திருக்கும்போது ஒருவர் சுவிட்சைப் போட, இன்னொருவர் வால்வின் லீவரைக் கவனிப்பார். லீவர் முழுதாகத் திரும்பி முட்டி நின்றால் நல்லது. பாதியில் நின்றால், எஞ்சின் ஆறியபின் லீவரைக் கையால் அசைத்துப் பார்ப்பார்கள். அசைய மறுத்தால் தண்டில் கரியும் துருவும் ஏறியிருக்கிறது. சுத்தம் செய்துவிட்டுச் சாதாரண கிரீஸ் தடவக் கூடாது; புகைச் சூட்டில் அது கருகி, மறுபடியும் தண்டை இறுக்கும். அதிக வெப்பம் தாங்கும் மசகு வேண்டும். தகட்டில் விட்டிருக்கும் சிறு இடைவெளியைக் கோளாறு என்று நினைத்து அடைப்பதும் ஆபத்து. அழுத்தம் மிதமிஞ்சினால் எஞ்சின் வால்வுகளே தூக்கிக்கொள்ளும்.

லீவர் அசையவே இல்லையா? ஓஸில் சோப்புத் தண்ணீர் விட்டால் ஏர் லீக் குமிழியாகக் காட்டிக்கொடுக்கும். கிளட்ச் பெடலிலும் ஆக்சிலேட்டரிலும் உள்ள சின்ன சுவிட்சுகள் இடம் மாறியிருந்தாலும் மின்சாரம் வால்வுக்குப் போகாது. லீவர் சரியாக இருந்தும் பிடிப்பு இல்லையென்றால் மேனிஃபோல்ட் இணைப்பைப் பார்க்க வேண்டும். கேஸ்கெட் ஓரத்தில் கரிக்கோடு தெரிந்தால் அடைபட வேண்டிய அழுத்தம் அந்த வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 வண்டிகளில் ஸ்கேனர் போட்டுப் பார்க்காமல் வயரில் கைவைக்கவே கூடாது.

பாகமெல்லாம் சரியாக இருந்தும் பிரேக் வலுவில்லை என்று வரும் வண்டிகளும் உண்டு. அங்கே குறை கியரில் இருக்கும். எஞ்சின் வேகமாகச் சுழன்றால்தான் எக்ஸாஸ்ட் பிரேக்கும் பலமாக இழுக்கும். மேல் கியரில் மெதுவாகச் சுழலும் எஞ்சினிடம் அந்த வலு இருக்காது. எந்தக் கியரில் இறங்குவது என்பதைச் சரிவு தொடங்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்ற கணக்கும் இன்றைய எஞ்சினுக்குப் பொருந்தாது. கியரில் இறங்கும்போது கால் எடுத்திருந்தால் கம்ப்யூட்டர் டீசலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் போய்க்கொண்டே இருக்கும். டீசல் கணக்குக் கேட்கும் முதலாளிகள் இதைத் தங்கள் ஓட்டுநர்களுக்கு வாய்திறந்து சொல்ல வேண்டும்.

தகுதிச் சான்றான எஃப்.சி.க்கு உருளைகள் மேல் ஏற்றிச் சோதிப்பது சக்கர பிரேக்கைத்தான். எக்ஸாஸ்ட் பிரேக்கைச் சோதிக்கக் குடிகாட்டுச் சாலையே போதும்: டோல்கேட் நெருங்கும்போதும் பாலம் இறங்கும்போதும் தினம் சில தடவை சுவிட்சைப் போட்டால் தகடு இறுகாது. உறுமல் மாறினால் அன்றைக்கே தெரிந்துவிடும், தொப்பூருக்குப் போகும் முன்பே.

(அடுத்த வாரம்: ஏர் டேங்கில் சேரும் தண்ணீர்)