தோற்றாலும் நம்ம டீம் ஸார்!

ஜெயிக்கிற டீம் எது என்று பார்த்து, ஃபைனலுக்கு இரண்டு நாள் முன்னால் டீ-ஷர்ட் வாங்குகிற ரசிகர்கள் உண்டு. புத்திசாலிகள். ரத்தக் கொதிப்பு வராது, ராத்திரி தூக்கம் கெடாது, மறுநாள் ஆபீஸில் தலை நிமிர்ந்து நடக்கலாம்.

நான் அந்த ஜாதி இல்லை. நான் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ரசிகன்.

"அப்படின்னா?" என்று கேட்கிற வெளியூர்க்காரர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. தமிழ்நாடு பிரீமியர் லீக் என்று ஒரு கிரிக்கெட் போட்டி. சுருக்கமாக டி.என்.பி.எல். 2016-ல் ஆரம்பித்தது. எட்டு டீம், ஆளுக்கு ஏழு லீக் ஆட்டம், முதல் நாலு இடத்தில் வந்தால் அடுத்த சுற்று. வரவில்லையென்றால் வீட்டுக்குப் போய் டி.வி.யில் மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்கலாம்.

எங்கள் டீம் சேலம் பெயரில் முதன்முதலாக ஆடியது 2021-ல். அதிலிருந்து 2025 வரை ஐந்து சீசன். ஐந்தில் எத்தனை தடவை முதல் நாலுக்குள் வந்தோம் என்றுதானே கேட்கிறீர்கள்?

வரவில்லை. ஒரு தடவைகூட!

பெயர் வைத்தவர் சரித்திரம் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும். கி.மு. 480-ல் தெர்மாபிலே என்கிற கணவாயில், பாரசீகத்தின் மாபெரும் படையை மறித்து நின்றார்கள் 300 ஸ்பார்ட்டா வீரர்கள். ராஜா லியோனிடாஸ் உள்பட அங்கேயே மாண்டு போனார்கள். ஆக, ஸ்பார்ட்டன்கள் உலகப் புகழ் பெற்றதே ஒரு தோல்வியால்தான். "பேர் ராசிங்க, என்ன பண்றது!" என்று கைவிரித்துவிட்டார் எங்கள் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர்.

எங்கள் ஊர் ஆட்டையாம்பட்டி. கை முறுக்கு சாப்பிட்டவர்களுக்கு இதற்கு மேல் அறிமுகம் தேவையில்லை. சேலத்துக்குச் சுமார் இருபது கிலோமீட்டர். அங்கிருந்து ஆத்தூர் போகிற வழியில் இன்னும் முப்பது சொச்சம் போனால் வாழப்பாடி. அங்கேதான் சேலம் கிரிக்கெட் ஃபவுண்டேஷன் மைதானம் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் திறந்தார்கள். ராகுல் டிராவிட்டே விழாவுக்கு வந்திருந்தார். அதற்கு முன்னால் டிராவிட்டைப் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் சேப்பாக்கத்துக்கு ரயில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் டி.வி. கடை வாசலில் நிற்க வேண்டும்.

மைதானம் வந்ததும் கொரோனாவும் வந்தது. 2020-ல் போட்டியே இல்லை. 2021-ல் மொத்த ஆட்டங்களையும் சென்னை சேப்பாக்கத்தில், ரசிகர்களை உள்ளே விடாமல் நடத்தினார்கள். அதாவது, எங்கள் டீம் எங்கள் பெயரில் ஆடிய முதல் சீசனை எங்களில் ஒருத்தர்கூட நேரில் பார்க்கவில்லை. குழந்தை பிறந்த அன்று அப்பா துபாயில் இருந்த மாதிரி! 2022-ல்தான் லீக் வாழப்பாடிக்கு வந்தது.

இனி, ஒரு ரசிகனின் சீசன் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

மேட்ச் ராத்திரி. ஆபீஸில் நாலு மணிக்கே வயிற்றுவலி வந்துவிடும் (மேனேஜர்கள் இந்த வரியைத் தாண்டிப் படிக்கவும்). பெர்மிஷன் போட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே சேலம். பசிக்கு ஒரு தட்டுவடை செட். மறுபடி பஸ், மறுபடி நின்றுகொண்டே வாழப்பாடி. ஆட்டம் முடிய ராத்திரி பதினொன்றைத் தொட்டுவிடும். திரும்பி வர பைக் வைத்திருக்கும் ஒரு சிநேகிதனின் தயவு வேண்டும். அந்தச் சிநேகிதன் எதிர் டீம் ரசிகனாக இருந்துவிட்டால் ஐம்பது கிலோமீட்டரும் நரகம். ஜெயித்தால் தூரம் தெரியாது. தோற்றால் ஒவ்வொரு வேகத்தடையும் எண்ணி எண்ணித் தெரியும்.

இதெல்லாம்கூடப் பழகிவிடும். ஆனால், 2023 ஜூன் 13 பழகுகிற சமாசாரமே இல்லை.

அந்த சீசனில் எங்கள் முதல் ஆட்டம். இடம் கோயம்புத்தூர். எதிரே சேப்பாக் சூப்பர் கில்லீஸ். கோப்பையை வீட்டு அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிற டீம் அது. அவர்கள் பேட்டிங்கில் கடைசி ஓவர், கடைசிப் பந்து. வீசுகிறவர் எங்கள் கேப்டன் அபிஷேக் தன்வர். போட்டார்... ஸ்டம்ப் சிதறியது! சஞ்சய் யாதவ் கிளீன் போல்டு. டீக்கடையில் நாங்கள் கைதட்டிக்கொண்டே எழுந்துவிட்டோம்.

நோ-பால்.

சரி, போகட்டும். மறுபடி போட்டார். அதுவும் நோ-பால், அதோடு சிக்ஸர். மறுபடி. இதுவும் நோ-பால், ஓடி எடுத்தது இரண்டு ரன். மறுபடி. இந்தத் தடவை நோ-பால் இல்லை... வைடு! கடைசியாக, ஒரு வழியாக, சட்டப்படி செல்லுபடியாகும் ஒரு பந்தைப் போட்டார். அதையும் சிக்ஸருக்குத் தூக்கினார் சஞ்சய் யாதவ்.

பி.காம். படித்தவன் என்பதால் கூட்டிப் பார்த்தேன். ஒன்று, ஏழு, மூன்று, ஒன்று, ஆறு. மொத்தம் பதினெட்டு. ஒரே பந்தில் பதினெட்டு ரன்! சேப்பாக் 217. நாங்கள் 165 எடுத்து, 52 ரன்னில் தோற்றோம். பதினெட்டைக் கழித்தாலும் தோல்விதான் என்று எங்கள் டேபிளில் ஒருத்தர் ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலுக்கு அவரை யாரும் மன்னிக்கவில்லை.

மறுநாள் விஷயம் உலகம் சுற்றியது. சேலத்தை மாம்பழத்துக்கும் ஸ்டீலுக்கும் மட்டும் கேள்விப்பட்டிருந்தவர்கள் எல்லாம் அந்த ஒரு பந்துக்காகக் கேள்விப்பட்டார்கள். தன்வர் காற்றைக் கொஞ்சம் குறை சொன்னாலும், சீனியர் பௌலர் என்கிற முறையில் பழியைத் தானே ஏற்றுக்கொண்டார். அந்த இடத்தில் அந்த மனுஷன் மேல் எனக்கு மரியாதை வந்தது. நம் ஆபீஸ்களில் ஒரு பைல் காணாமல் போனால் பழி எத்தனை டேபிள் சுற்றி, கடைசியில் ஆபீஸ் பையன் தலையில் இறங்குகிறது என்று நமக்குத் தெரியாதா?

அதே மாதக் கடைசியில் லீக் வாழப்பாடிக்கு வந்தது. போனோமா? போனோம். கேலரியில் பின்னால் இருந்து ஒரு பையன், ஒவ்வொரு வைடுக்கும் "இன்னும் பதினேழு பாக்கிண்ணா!" என்று கத்தினான். அவனும் சேலம் ரசிகன்தான் என்பது இன்னும் விசேஷம். சொந்த வீட்டுச் சண்டையை நாம்தான் போட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் வாயைத் திறந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவோம். அன்றைக்கு அந்தப் பையன் செய்ததும் அதுதான்.

இங்கே ஒரு கேள்வி வரும். "இவ்வளவு உருகுகிறாயே, இதில் சேலத்துப் பையன்கள் எத்தனை பேர்?"

நியாயமான கேள்வி. ஆட்டக்காரர்கள் ஏலத்தில் வருகிறார்கள், ஏலத்தில் போகிறார்கள். எங்கள் மாவட்டத்தின் தங்கம் நடராஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். சின்னப்பம்பட்டிக்காரர். அப்பா தறித் தொழிலாளி, அம்மா சாலையோரக் கடை. டென்னிஸ் பந்தில் யார்க்கர் பழகியவர். 2016-ல் திண்டுக்கல் டீமுக்காக ஒரு சூப்பர் ஓவரில் யார்க்கர் மேல் யார்க்கராக இறக்கினார். அதைப் பார்த்துத்தான் ஊர் உலகம் திரும்பியது. 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அவரை 3 கோடிக்கு எடுத்தது. 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி-20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்காக முதல் ஆட்டம் ஆடினார். ஒரே பயணத்தில் இந்த மூன்றையும் பார்த்த முதல் இந்தியர்.

அந்த 2016 சூப்பர் ஓவரில் எதிரே ஆடியது யார் தெரியுமா? தூத்துக்குடி டீம். டூட்டி பேட்ரியாட்ஸ் என்று பெயர். அந்த டீம்தான் பிற்பாடு ஊர் மாறி, பெயர் மாறி, சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆனது! ஆக, எங்கள் ஊர்ப் பையன் புகழ் பெற்றதே எங்கள் டீமின் பூர்வாசிரமத்தை அடித்துத்தான். 2025-ல் திருப்பூர் கோப்பையை ஜெயித்தபோதும் நடராஜன் அந்தத் திருப்பூர் டீமில்தான் இருந்தார். எங்கள் முறுக்கை அடுத்த ஊர்க்காரன் பாக்கெட் போட்டு விற்பதைப் பார்க்கிற மாதிரி ஒரு சங்கடம்.

ஆனால் ஒன்று. 2023 ஜூன் 23-ம் தேதி, அந்தப் பதினெட்டு ரன் நடந்த பத்தாம் நாள், சின்னப்பம்பட்டியில் நடராஜன் தன் சொந்த முயற்சியில் கட்டிய மைதானத்தை தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார். டீம் வாங்க முடியும், விற்க முடியும், வேறு ஊருக்கு மாற்ற முடியும். மைதானத்தை எங்கே தூக்கிக்கொண்டு போவது? நாளைக்கு அங்கே ஓடி வந்து பந்து போடப்போகிற தறிக்காரர் வீட்டுப் பையனுக்கு, நான் எந்த டீமுக்குக் கைதட்டினேன் என்பது முக்கியமில்லை. கைதட்ட ஆள் இருக்கிறது என்பது முக்கியம்.

இன்னொரு விஷயமும் அடிக்கடி உறுத்தும். தூத்துக்குடி ரசிகர்கள் என்ன ஆனார்கள்? 2016-ல் முதல் கோப்பையே அவர்களுடையது. ஃபைனலில் சேப்பாக்கை 122 ரன் வித்தியாசத்தில் சுருட்டினார்கள். பிறகு ஒரு நாள் அந்த டீம் எங்களுக்கு வந்துவிட்டது, கோப்பையை மட்டும் சரித்திரத்தில் விட்டுவிட்டு. காரைக்குடி டீம் திருப்பூருக்குப் போனது. காஞ்சி டீம் நெல்லைக்குப் போனது. நாளைக்கு எங்கள் டீமையும் யாராவது இடம் மாற்றினால்? அதற்கு ரசிகனிடம் கையெழுத்து வாங்க மாட்டார்கள்.

இந்த விஷயத்தில் அமெரிக்காக்காரன் கொடுத்து வைத்தவன். அங்கே கல்லூரிக் கூடைப்பந்துக்கு உள்ள வெறி சொல்லி மாளாது. கல்லூரி ஊர் மாறாது, எனவே டீமும் மாறாது. தாத்தா கைதட்டிய டீமுக்கே பேரனும் கைதட்டுவான். வருஷா வருஷம் மார்ச்சில் 68 கல்லூரிகள் நாக்-அவுட்டில் மோதும். ஒரு தோல்வி, மூட்டை கட்டு!

2018-ல் மொத்தப் போட்டிக்கும் நம்பர் ஒன் என்று வர்ஜீனியா பல்கலைக்கழகத்தை வைத்தார்கள். முதல் சுற்றில் எதிரே, தன் பிரிவின் கடைசித் தரமான பதினாறாம் இடத்து டீம், யு.எம்.பி.சி. அதுவரை ஆண்கள் போட்டியில் முதல் தர டீமும் பதினாறாம் தர டீமும் 135 தடவை மோதியிருந்தன. 135-லும் முதல் தரம்தான் ஜெயித்திருந்தது. 136-வது தடவை? வர்ஜீனியா 54, யு.எம்.பி.சி. 74. இருபது பாயின்ட் வித்தியாசத்தில் அவமானம்! நாடே சிரித்தது.

மறு வருஷம் அதே கோச் டோனி பென்னட்டோடு வர்ஜீனியா மறுபடி வந்தது. அரை இறுதியில் ஆபர்னிடம் இரண்டு பாயின்ட் பின்தங்கியிருந்தபோது கடிகாரத்தில் மிச்சம் 0.6 வினாடி. கைல் கய் என்கிற பையனுக்கு மூன்று ஃப்ரீ த்ரோ. மூன்றையும் கூடையில் போட்டான். 63-62. ஃபைனல் 2019 ஏப்ரல் 8-ல் ஓவர்டைம் வரை போய், 85-77 என்று டெக்சாஸ் டெக்கை வென்று சாம்பியன்!

முந்தின வருஷம் அந்த 54-74-ஐப் பார்த்துவிட்டு டீ-ஷர்ட்டைப் பரணில் போட்டவர்களுக்கும் அன்றைக்குச் சந்தோஷம் இருந்திருக்கும். ஆனால் அடுத்த நாளே அந்த டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனவனுக்கு இருந்த சந்தோஷம் வேறு ஜாதி. அதை ஃபைனலுக்கு முன்தினம் காசு கொடுத்து வாங்க முடியாது.

எங்களுக்கும் அப்படி ஒரு 2019 வரும் என்று கியாரண்டி எதுவும் இல்லை. வராமலே போகலாம். வர்ஜீனியா கதை அபூர்வம் என்பதால்தான் கதை. ஆனாலும், ஏழு ஆட்டம் நடக்கிற அந்த ஒரு மாசம், "ஆத்தூர்க்காரரா? ஓமலூரா? நம்ம டீம் என்னாச்சு?" என்று முன்பின் தெரியாத மனுஷனோடு பஸ்ஸில் பேச முடிகிறதே! 'நம்ம' என்கிற அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை பஸ் சார்ஜும்.

"தோக்கற டீமுக்கு இவ்வளவு செலவு பண்றியேப்பா, பி.காம். படிச்சவன்தானே நீ?" என்பார் எங்கள் ஆடிட்டர் ஸார்.

படித்ததால்தான் ஸார் தைரியமாக இருக்கிறேன். வருமான வரிச் சட்டப்படி வியாபார நஷ்டத்தை அடுத்தடுத்த எட்டு வருஷத்துக்குக் கணக்கில் எடுத்துக்கொண்டு போகலாம். என்றைக்காவது லாபம் வந்தால் அதில் கழித்துக்கொள்ளலாம். எங்கள் முதல் நஷ்டம் 2021. எனவே 2029 வரை சட்டமே எங்கள் பக்கம்.

அதற்குப் பிறகு? சட்டம் கைவிட்டால் என்ன... தட்டுவடை செட் இருக்கிறது, வாழப்பாடி பஸ் இருக்கிறது!