கோட்டையில் நின்று கடலைக் கண்ட ஓவியர்

நிலத்தை ஐந்திணையாக வகுத்து, ஒவ்வொரு திணைக்கும் மரமும் புள்ளும் பூவும் பொழுதும் உரிமையாக்கிப் பாடியவர் நம் முன்னோர். திருக்கோணமலையின் கடலும் குன்றும் 7ஆம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் பதிகத்தில் இடம்பெற்றன. சொல்லால் இங்ஙனம் வளம்பெற்ற இத்துறைமுகம் வண்ணத்தால் பெற்ற வளம் யாது? இவ்வினாவுக்கு விடை தேடுவார்க்குச் சாமுவேல் டானியல் என்னும் ஆங்கில ஓவியர் நினைவுக்கு வருவார்.

1775இல் பிறந்த இவர், ஓவியக் குடும்பத்தினர். இவருடைய சிறிய தந்தையார் தோமஸ் டானியலும் தமையனார் வில்லியமும் இந்தியா எங்கும் சுற்றி, பாபநாச அருவி உட்படப் பல காட்சிகளை வரைந்து புகழெய்தியவர்கள். சாமுவேலோ முதலில் தென்னாபிரிக்கா சென்று அந்நாட்டு விலங்குகளையும் மக்களையும் தீட்டினார். பின்னர் இலங்கைக்கு வந்தார். இங்கே காடுகளை மேற்பார்வை செய்யும் அரசாங்கப் பதவி அவருக்குக் கிடைத்தது. காடுகளில் அலைந்து கண்டவற்றை வரைந்தார். இலங்கையின் இயற்கைக் காட்சி, விலங்கு, மக்கள் ஆகியவற்றைக் காட்டும் அவருடைய 12 ஓவியங்கள் 1808இல் இலண்டனில் நூலாக வெளிவந்தன. 1811இல், 36ஆம் வயதில், இம்மண்ணிலேயே அவர் உயிர் துறந்தார்.

அந்நூலில் ஓர் ஓவியம், ஒஸ்டென்பேர்க் கோட்டையிலிருந்து காணும் திருக்கோணமலைத் துறைமுகம். அக்கோட்டை அழகு காண எழுந்ததன்று; துறைமுக வாயிலைப் பீரங்கியாற் காக்க எழுந்தது. 1782இல் இத்துறைமுகம் ஒரே ஆண்டில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர்க்கும், அவர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரர்க்கும் கைமாறியது. 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. படைத்தலைவர் பகைவர் கப்பலை எதிர்நோக்கிய அதே மேட்டில் நின்று, ஓவியர் நீரையும் கரையையும் நோக்கினார். இடம் ஒன்று, நோக்கு வேறு.

அவருடைய சிறப்பு யாதெனின், கண்டதை வரைந்தமையே. இவ்வியல்பை நம் மாணவர் கைக்கொள்ள வேண்டும். கலைவிழாக்களில் ஓவியக் காட்சிக்கென ஓர் அறை ஒதுக்கப்படுகிறது. அதனுள் நுழைந்தால், பனிமூடிய மலையும் அதன் அடியில் ஓட்டு வீடும் நம்மை வரவேற்பதுண்டு. நாட்காட்டியைப் பார்த்து வரைந்தவை அவை! வரைந்த பிள்ளையோ பனியைக் கண்டறியாதது. பிரெட்றிக் கோட்டையில் மேயும் புள்ளிமானை நாள்தோறும் காண்பது. கொட்டியாரக் குடாவில் மகாவலி கலக்குமிடம், புறாத்தீவின் பவளப்பாறை, கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் ஆகியன தூரிகைக்குப் பொருளாகாவோ?

இது அழகு பற்றிய பேச்சு மட்டுமன்று. கரை மாறும், மரம் வீழும், 1942 ஏப்பிரல் 9இல் யப்பானியக் குண்டுவீச்சைக் கண்ட துறைமுகம் இது. இன்று ஒஸ்டென்பேர்க் மேடு கடற்படைத் தளத்தினுள் உள்ளது. நினைத்தவுடன் ஏறிக் காண்பதற்கில்லை. ஆயினும் 200 ஆண்டுகட்கு முன் அங்கிருந்து தோன்றிய காட்சியை ஓர் அயலார் நமக்கு வைத்துப் போயிருக்கிறார். இன்றைய காட்சியைப் பின்வருவார்க்கு வைத்துச் செல்லும் கடமை நம் பிள்ளைகளுடையது. அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, தாளும் வண்ணமும் கொடுத்து இருத்துதல் ஆசிரியர் கடன். அடுத்த கலைவிழாவின் சுவரில் நம் கடல் விளங்குக!